பாத்திமா மேரியின் ஹெல்சின்கி

பெண்களுக்குச் சக்களத்தி மனுஷியாக வருவாள். தைரியராஜுக்கு ஓர் ஊராக வந்து வாய்த்தது. ஊரின் பெயர் ஹெல்சின்கி, பின்லாந்து நாட்டின் தலைநகரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கும் ஒரு ரிட்டையர்டு பாய்லர் ஆப்பரேட்டருக்கு அவ்வளவு தூரத்து ஊரோடு என்ன பகை என்று கேட்கலாம். எல்லாம் அவர் மனைவி பாத்திமா மேரியால் வந்தது. இருபத்தைந்து வருஷமாக அவள் அந்த ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். கட்டிய புருஷனைப் பற்றி அதில் கால்வாசி பேசியிருந்தால் அவர் ஊரில் பெரிய மனுஷனாகியிருப்பார்.

மே மாசத்தில் கரண்டு போனால், "அங்க இந்நேரம் ஸ்வெட்டர கழட்டியிருக்க மாட்டாங்க" என்பாள். பஸ் வரத் தாமதமானால், "அங்க டிராம் எட்டு நிமிசம்னா எட்டே நிமிசந்தான்" என்பாள். மீன் வாங்கப் போனால் அந்த ஊர்த் துறைமுகத்துச் சந்தையும், அங்கே கையிலிருக்கும் தின்பண்டத்தைப் பிடுங்கிக்கொண்டு பறக்கும் கடல்காக்கையும் வந்துவிடும். கேட்டுக் கேட்டுத் தைரியராஜுக்கு அந்த ஊரே மனப்பாடம். ரயில் நிலைய வாசலில் ஆளுக்கொரு உருண்டை விளக்கை ஏந்திக்கொண்டு நிற்கும் நாலு கல் மனிதர்கள். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் பச்சைக் கும்மட்டம் வைத்த வெள்ளைக் கோயில், அதற்கு ஏறி மாளாத படிகள். இன்னொரு பக்கம் பாறையைக் குடைந்து உள்ளே கட்டிய கோயில். கண்ணைக் கட்டி விட்டாலும் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய்விடுவார். போகத்தான் அவருக்கு விருப்பமில்லை.

பாத்திமா மேரி அங்கே சுற்றுலா போகவில்லை, சமைக்கப் போனாள். தொண்ணூற்றாறில் அவள் புதுச்சேரியில் ஒரு கன்னியர் மடத்து ஹாஸ்டலில் சமையல் செய்துகொண்டிருந்தாள். அங்கிருந்த மதர் ஒருவர், ஹெல்சின்கியில் இந்தியத் தூதரகத்துக்கு மாற்றலாகிப் போகும் ஓர் அதிகாரியின் வீட்டுக்கு அவளைச் சிபாரிசு செய்தார். தைரியராஜுக்குச் செம்மங்குப்பத்துக் கம்பெனியில் வேலை நிரந்தரமாகாத காலம். மகள் நித்யா மேரிக்கு நாலு வயசு. ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவள் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தாள். அந்த மூன்று வருஷமும் தைரியராஜ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்தில் அக்கா கிரேசி வீட்டில் இருந்தார். அங்கிருந்தே தினமும் செம்மங்குப்பத்துக்குப் பஸ் பிடித்து வேலைக்குப் போய்வந்தார்.

இப்போது அந்த நித்யா பெங்களூரில் கைநிறையச் சம்பளம் வாங்குகிறாள். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவள் கொடுக்கும் பரிசு, ஜூன் மாசத்தில் பத்து நாள் ஹெல்சின்கி. அம்மாவும் மகளும், விருப்பமிருந்தால் அப்பாவும்.

"எனக்கென்னாத்துக்கு அந்த ஊரு?" என்றார் அப்பா. "பாய்லர் பக்கத்துல வெந்தவன் நான். அங்க வந்து ஐஸ்ல நிக்கணுமா?"

"ஜூன்ல ஏதுப்பா ஐஸு? ராத்திரி பதினோரு மணிக்குக்கூட வெளிச்சமா இருக்கும்."

"வெளிச்சத்துக்கு இங்க என்னா கொறச்சல்?"

இப்படிப் பேசினாரே தவிர, விஷயம் வெளிச்சத்திலும் இல்லை, ஐஸிலும் இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பாத்திமா மேரி சொன்ன ஒரே ஒரு வார்த்தை அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. திரும்பி வந்த அன்று சாயங்காலம், அக்கா வீட்டுக் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் தனக்குத்தானே சொன்னாள்: "நான் அங்கியே இருந்திருக்கலாம்." கிணற்றடியில் கால் கழுவ வந்த தைரியராஜ் அதைக் கேட்டுவிட்டார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவில்லை. அவர் பெயரில்தான் தைரியம் இருந்தது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு பயம். இவள் உடம்புதான் இங்கே இருக்கிறது, மனசு அந்த ஊரில் குடித்தனம் நடத்துகிறது. மறுபடி ஒருமுறை போனால் இந்த முறை என்ன சொல்லிக்கொண்டு வருவாளோ. இந்தப் பயத்தை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. அறுபத்து நாலு வயசு மனுஷன் ஒரு ஊரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான் என்றால் யார் சிரிக்கமாட்டார்கள்?

வெளிநாடு போக பாத்திமா மேரிக்குப் புதுப் பாஸ்போர்ட் வேண்டியிருந்தது. பழையது தூதரக வேலைக்கென்று கொடுத்தது, அதை அப்போதே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். விண்ணப்பம் போட்டு, கைரேகை வைத்து, வீட்டுக்குப் போலீஸ்காரர் வந்து விசாரித்துப் போய், எல்லாம் முடிந்தது. ஒரு புதன்கிழமை காலையில் தபால்காரர் காத்தவராயன் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"சார், அம்மாவுக்கு பாஸ்போர்ட்டு வந்திருக்கு. கூப்புடுங்க. அவுங்க கையிலதான் குடுக்கணும்."

பாத்திமா மேரி அந்த நேரம் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் இறங்கி வந்திருப்பாள். தைரியராஜ் வாயைத் திறந்தார்.

"அவுங்க சிதம்பரம் போயிருக்காங்களே."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று அவருக்கே தெரியாது. காத்தவராயன் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சீட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். "ஏழு நாள் ஆபீசுல வச்சிருப்போம் சார். அடுத்த புதன்கெழம நாலு மணிக்குள்ள ஆதார் கார்டோட வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. இல்லன்னா வந்த எடத்துக்கே திரும்பிப் போயிடும். அப்பறம் மறுபடி ஆரம்பத்துலேர்ந்து அலையணும்."

சீட்டு தைரியராஜின் சட்டைப்பைக்குள் போனது. தபால் வந்ததைச் சொல்லும் குறுஞ்செய்தியும் அவருடைய போனுக்குத்தான் வந்தது, ஏனென்றால் அந்த வீட்டில் கேஸ் சிலிண்டரிலிருந்து பாஸ்போர்ட் வரை எல்லாவற்றுக்கும் கொடுக்கும் நம்பர் அவருடையது. அதை அழித்தார். அன்றைக்கே நித்யா கூப்பிட்டு, "இன்னும் வரலியாப்பா? விசாவுக்கு அடுத்த வாரம் தேதி குடுத்திருக்காங்க, அதுக்குள்ள வரலன்னா டிக்கெட்ட கேன்சல்தான் பண்ணணும்" என்றாள். "வரலியேம்மா" என்றார். ஒரு பொய்க்குக் காவலாக ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் ஏழு சொல்லி முடித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதான் வினை. பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கும் நேரம் வந்தது. சபை முழுக்க எழுந்து வரிசையில் நின்றது. தைரியராஜ் பெஞ்சை விட்டு அசையவில்லை. மனசாட்சியில் பொய்யை வைத்துக்கொண்டு நாக்கில் நற்கருணையை வாங்க அவருக்குத் துணிச்சல் இல்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வாங்கலாம்தான். ஆனால் சாமியார் நிச்சயம், "போய் உங்க மனைவிகிட்ட உண்மையச் சொல்லுங்க" என்பார். அதைச் சாமியார் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் இவர் நன்மை வாங்காமல் உட்கார்ந்து பாத்திமா மேரி பார்த்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட வாங்கியவர். வரிசையில் போகும்போது திரும்பிப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு வரும்போதும் பார்த்தாள்.

"ஏன் நன்மை வாங்கல?" என்றாள் வெளியே வந்ததும்.

"காலையில மறந்தாப்புல காப்பி குடிச்சிட்டேன்."

"காப்பி குடிச்சது ஏழு மணிக்கி. பூச முடிஞ்சது ஒம்போதரைக்கி. நன்மைக்கி முன்னால ஒரு மணி நேரம் வயித்த காலியா வச்சிருந்தா போதாதா?"

அவர் ஸ்கூட்டரை உதைத்தார். பாத்திமா மேரி பின்னால் ஏறி உட்கார்ந்து, அவர் தோளில் வழக்கத்தைவிட அழுத்தமாகக் கையை வைத்துக்கொண்டாள். அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவுமில்லை, தூங்கவுமில்லை, முகம் கொடுத்துப் பேசவுமில்லை. அவள் ஒன்றோடு ஒன்றைக் கூட்டித் தப்பாக ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த மனுஷனுக்கு ஏதோ வியாதி. டாக்டர் என்னவோ சொல்லியிருக்கிறார், இவர் மறைக்கிறார்.

புதன்கிழமை வந்தது. அன்றைக்குச் சிதம்பரம் போவதென்று அவள் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாள். கடல் தாண்டிப் போகிறவள் வீட்டுப் பெரியவளிடம் நேரில் சொல்லிக்கொள்ளாமல் போகக்கூடாது. போனில் சொல்வதெல்லாம் சொன்ன கணக்கில் சேராது. அதனால் நாத்தனார் கிரேசியைப் பார்த்துவிட்டு வரவேண்டும். தைரியராஜ் கூடவே கிளம்பினார். வீட்டிலிருந்தால் கடிகாரத்தைப் பார்த்தே செத்துவிடுவோம் என்று தோன்றியது அவருக்கு. வேறு சட்டை போட்டுக்கொண்டார், ஆனால் சீட்டு புதுச் சட்டைப்பைக்குள் தானாக மாறிக்கொண்டது. கிழித்துப் போடவும் மனசு வரவில்லை, எடுத்துக் கொடுக்கவும் வரவில்லை.

பஸ் ஓ.டி. என்கிற கடலூர்ப் பழைய டவுனைத் தாண்டிச் சிப்காட் பக்கம் போய்க்கொண்டிருந்தது. செம்மங்குப்பத்தில் அவர் வேலை பார்த்த கம்பெனியின் புகைபோக்கி தெரிந்தது. வழக்கமாக அதைக் காட்டி ஏதாவது சொல்வார். இன்றைக்குச் சட்டைப்பையை மட்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பாத்திமா மேரி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"அண்ணிகிட்ட நான் போகலன்னே சொல்லிடலாம்னு இருக்கேன்."

"எங்க?"

"எல்சிங்கிக்கிதான். வேற எங்க? பாஸ்போர்ட்டும் வந்தபாடில்ல. உங்களுக்கும் உடம்பு நல்லால்ல. என்னான்னு சொல்லவும் மாட்டேங்கறீங்க. இந்த நெலமையில உங்கள வுட்டுட்டு நான் போயி அங்க படம் புடிச்சிக்கிட்டு நிக்கணுமா? ஊரு எங்கியும் ஓடிடாது."

தைரியராஜ் கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு வாரமாக இதற்குத்தானே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரம். சந்தோஷம் வரவில்லை. அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார், ஏமாற்றம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவருக்கு வியாதியென்று நம்பி, அவருக்காக அதை விட்டுக்கொடுத்த குரல் அது. "ம்" என்று மட்டும் சொன்னார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டிச் சிதம்பரத்தில் இறங்கினார்கள்.

கிரேசிக்கு எழுபத்திரண்டு வயசு. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். புருஷன் போய்ச் சேர்ந்தபின் வடக்கு வீதிக்குப் பின்னால் அதே வீட்டில் தனியாக, எந்தக் குறையுமில்லாமல், எல்லாரையும் அதட்டிக்கொண்டு இருக்கிறாள். வாசலிலேயே, "வா மேரி. என்னடா, நோவுல வுழுந்த கோழி மாதிரி இருக்க?" என்று இருவரையும் ஒரே மூச்சில் வரவேற்றாள். மோர் கொடுத்தாள். பிறகு உள்ளே போய், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் வைக்கும் பிளாஸ்டிக் உறையைக் கொண்டு வந்து மேசைமேல் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து போஸ்ட் கார்டுகள் விழுந்தன.

"நித்யாவுக்கு நீ அனுப்புனது. இருவத்திமூணு இருக்கு. ஒன்னு தண்ணியில ஊறிப் போச்சி. இத எடுத்துக்கிட்டுப் போயி, அந்தந்த எடத்துல நின்னு படம் புடிச்சிட்டு வரச் சொல்லு அவள."

பாத்திமா மேரி 'போகவில்லை' என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் கை அதற்குள் மேல் அட்டையை எடுத்துவிட்டது. ரயில் நிலையத்து நாலு கல் மனிதர்கள். பின்பக்கம், எழுத்துக் கூட்டும் பிள்ளைக்காகக் குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: 'நித்யா கண்ணு, இந்த நாலு மாமாவும் கையில் பல்பு வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அம்மா இவர்களுக்குத் தினமும் குட்மார்னிங் சொல்கிறேன். நீயும் சொல்லு.'

"இத நம்ம அய்யனார் கோயில் வீரனுங்கன்னு சொல்லுவா அவ" என்று கிரேசி சிரித்தாள். "தெனமும் இதுங்களுக்கு குட்மார்னிங் சொல்லிட்டுத்தான் பால் குடிப்பா."

பாத்திமா மேரியும் சிரித்தாள். அட்டையைத் திருப்பிப் படத்தைப் பார்த்தாள். "இந்தக் கடைசி ஆளு இருக்காரு பாருங்க அண்ணி, அவரு காலடியிலதான் நின்னேன். உள்ள டெலிபோன் இருக்கும். உங்க எதுத்த வூட்டு நம்பருக்குப் போட்டேன். நித்யா பேசமாட்டேன்னுட்டு ஓடிட்டா. 'வெளையாடப் போறேன்'னு அவ கத்தறது போன்ல கேட்டுச்சி. அஞ்சு வயசுப் புள்ள, அதுக்கு என்னா தெரியும்? வெளிய வந்து இவரு காலடியில நின்னு அழுதேன். அவரு பாட்டுக்கு வெளக்கப் புடிச்சிக்கிட்டிருந்தாரு."

தைரியராஜ் மோர் தம்ளரைக் கீழே வைத்தார்.

அடுத்த அட்டை வெள்ளைக் கோயில். 'அம்மா இந்தப் படியில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டேன். மொத்தம் எத்தனை படி சொல்லு?' என்று எழுதியிருந்தது. "கேக்கெல்லாம் இல்ல" என்றாள் பாத்திமா மேரி. "நித்யாவுக்கு அம்ம போட்டிருக்குன்னு இவரு சொன்ன அன்னைக்கி. நல்ல பனி. படியில உக்காந்துட்டேன், எந்திரிக்கவே முடியல. ஒரு பொம்பள ரெண்டு படி தள்ளி வந்து உக்காந்தா. என்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கல. கொஞ்ச நேரம் கழிச்சி ஒரு பேப்பர் கைக்குட்டைய எம் பக்கத்துல வச்சிட்டு எந்திரிச்சிப் போயிட்டா."

அடுத்தது உறைந்த கடல். 'அம்மா இன்றைக்குக் கடல் மேல் நடந்தேன், இயேசுசாமி மாதிரி!' தைரியராஜுக்கு அந்த வரி நன்றாக ஞாபகம் இருந்தது. பிள்ளைக்கு அதைப் பத்துத் தரம் படித்துக் காட்டியவர் அவர்தான். படித்துவிட்டு, 'இங்க நாம லோல்படறோம், இவ அங்க கடல்மேல நடந்துகிட்டிருக்கா' என்று மனசுக்குள் கறுவியதும் ஞாபகம் இருந்தது.

"கிறிஸ்மஸ் முடிஞ்சி ஒரு நாளு" என்றாள். "கடலூர்க்காரி இல்லியா, கடல்னா அலையடிக்கணும் எனக்கு. அங்க சத்தமே இல்ல. கல்லு மாதிரி கெடந்துச்சி. ஜனங்க நாயி கூட்டிக்கிட்டு நடக்கறாங்க அதும்மேல. நானும் எறங்கி நடந்தேன் அண்ணி. இப்பிடியே நடந்தா ஊருக்கு வந்துடலாம்னு நெனச்சேன். பைத்தியந்தான். ரொம்ப தூரம் போயிட்டேன். அப்பறம் சமைக்கணுமேன்னு திரும்பிட்டேன்."

கிரேசி மூக்கைச் சீந்தினாள். "இதெல்லாம் நீ அப்ப சொல்லவேயில்லியே மேரி."

"நாலு வயசுப் புள்ளைக்கி எழுதற கார்டுல அம்மா அழுதேன்னா எழுதுவாங்க?"

மற்ற அட்டைகளுக்கு நடுவே பாறைக்குள் குடைந்த கோயிலின் படமும் மேசையில் கிடந்தது. அதற்கும் ஒரு கதை இருக்கும், அவள் அதைத் தொடவில்லை. தைரியராஜ் கேட்டுவிட்டார்.

"அப்பறம் ஏன் மேரி அந்த ஊரு புடிக்கும் புடிக்கும்னு இத்தன வருசமா உயிர வாங்குன?"

பாத்திமா மேரி அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். இது ஒரு கேள்வியா என்பது போல. "இங்க பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒரு சொட்டுக் கண்ணீர் வுட்டா பத்து பேரு வந்து கேப்பாங்க. அப்பறம் அழக்கூட முடியாது. அந்த ஊரு ஒன்னும் கேக்கல. நான் எங்க நின்னு அழுதாலும் கூடவே நின்னுச்சி. அந்த மூணு வருசம் நீங்க புள்ளய வச்சிருந்தீங்க. எனக்கு அந்த ஊரு மட்டுந்தான் இருந்துச்சி."

அந்த மூன்று வருஷத்தை நினைக்கும்போதெல்லாம் தைரியராஜ் தன்னை ஒரு தியாகியாகத்தான் நினைத்து வந்திருந்தார். பெண்டாட்டி வெளிநாட்டில், ஆம்பிளை ஒண்டியாகப் பெண்பிள்ளையை வளர்த்தான் என்று ஊரும் மெச்சியது, அவரும் மெச்சிக்கொண்டார். ஆனால் வேலை முடிந்து வந்தால் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டது யார் காலை? கோணல் வகிடெடுத்து இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொண்டது அவர். முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் விரலை விடமாட்டேன் என்று பிள்ளை அழுதது அவர் விரலைப் பிடித்துக்கொண்டு. முதல் பல் விழுந்ததும் அவர் உள்ளங்கையில்தான். அம்மை போட்ட பதினோரு நாளும் அவர் நெஞ்சின் மேல்தான் தூங்கினாள். இதில் எது தியாகம்? வெந்த சோறெல்லாம் தன் இலையில் இருக்க, பசித்தவளைப் பார்த்து இருபத்தைந்து வருஷம் முறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"திரும்பி வந்த அன்னைக்கி" என்றார். "இந்தக் கொல்லையில, அங்கியே இருந்திருக்கலாம்னு சொன்னியே."

பாத்திமா மேரி கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஞாபகம் வந்து தலையைக் குனிந்துகொண்டாள். "புள்ளய தூக்கப் போனேன். அண்ணி முந்தானைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு, 'அம்மா, இது யாரு'ன்னு அண்ணியக் கேட்டுச்சி. அன்னைக்கி வேற என்னாத்த சொல்லச் சொல்றீங்க?"

கிரேசி வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். அவளுக்கும் அந்த நாள் மறக்கவில்லை.

"நித்யா கையப் புடிச்சிக்கிட்டு அங்கல்லாம் ஒரு தரம் நடக்கணும்னு இருந்துச்சி. இவர காட்டறேன் அவர காட்டறேன்னு கார்டுல எழுதி எழுதியே ஏமாத்திட்டேன் இல்ல? அவ்வளவுதான். வேற ஒன்னுமில்ல." பாத்திமா மேரி அட்டைகளை அடுக்கத் தொடங்கினாள். "சரி வுடுங்க. உங்க உடம்பு நல்லாவட்டும், அப்பறம் பாக்கலாம். அண்ணி, நான் இந்த தடவ போகல."

தைரியராஜ் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வியர்வையில் ஊறி, நாலாக மடிந்து கிடந்தது.

"எனக்கு ஒடம்புக்கு ஒன்னுமில்ல. பாஸ்போர்ட்டு போன புதன்கெழமையே வந்துடுச்சி. நீ மாடியில இருந்த. நான் நீ இல்லன்னு சொல்லிட்டேன். இன்னைக்கி நாலு மணிக்குள்ள போயி வாங்கலன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

"ஏன்?" என்றாள் பாத்திமா மேரி.

"பயமா இருந்துச்சி. போனா நீ மனசால திரும்பி வரமாட்டேன்னு."

பாத்திமா மேரி சீட்டைப் பிரித்துப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். கிரேசி அதற்குள், "ஏண்டா, கல்யாணம் ஆயி பேரன் எடுக்கற வயசுல பண்ற காரியமாடா இது? ஒனக்கு வெக்கமா இல்ல? அவ முன்னால எழுவத்தியெட்டுத் தரம் தோப்புக்கரணம் போடுடா" என்று ஆரம்பித்துவிட்டாள். பாத்திமா மேரி திட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐம்பது.

"செருப்ப மாட்டுங்க" என்றாள்.

சமைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. போஸ்ட் கார்டுகளைக் கிரேசி ஓடிவந்து அவள் கைப்பைக்குள் திணித்தாள். ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு போய், கிளம்பிக்கொண்டிருந்த கடலூர் வண்டியில் ஏறினார்கள். பாத்திமா மேரி பெண்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். தைரியராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். புதுச்சத்திரம் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மன்னிப்பு கேட்க அவர் தயாராகத்தான் இருந்தார், ஆனால் டவுன் பஸ் மாதிரி நெரிசலில் நின்றுகொண்டு அதை எப்படிக் கேட்பது?

ஆலப்பாக்கத்தில் பக்கத்துச் சீட்டுக்காரி இறங்கினாள். பாத்திமா மேரி ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார்.

"அப்ப ஒடம்புக்கு ஒன்னுமில்லியே?"

"இல்ல."

"மாதா சத்தியமா?"

"சத்தியமா."

"நன்மை வாங்காததும் இதுக்குத்தானா?"

"ம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளே என்று அவர் பதறிப்போய்க் குனிந்து பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க. கோவம் அப்பிடியேதான் இருக்கு. நாலு நாளா நான் கெட்ட கனவு கண்டுகிட்டிருந்தேன், நீங்க செத்துப்போற மாதிரி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல, இருவத்தஞ்சி வருசத்துல ஒரு நாளு?"

"கேட்டிருக்கலாம்" என்றார் தைரியராஜ். அவரால் அன்றைக்கு அதற்கு மேல் உண்மையாக எதுவும் சொல்லியிருக்க முடியாது.

ஓ.டி.யில் ஒரு லாரி குறுக்கே நின்று பதினைந்து நிமிஷத்தைத் தின்றது. இறங்கி ஆட்டோ பிடித்துத் தபால் ஆபீசுக்குள் நுழைந்தபோது மூன்று ஐம்பத்திரண்டு. கவுண்டரில் இருந்த இசைவாணி என்ற பெண் திருப்பி அனுப்பும் தபால்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். சீட்டையும் ஆதாரையும் பார்த்துவிட்டுக் கட்டை அவிழ்த்தாள். உள்ளே தபால் பிரித்துக்கொண்டிருந்த காத்தவராயன் எட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா, சிதம்பரத்துலேர்ந்து வந்துட்டீங்களா?"

"இப்பத்தான் வந்து எறங்குறோம்" என்றாள் பாத்திமா மேரி, புருஷனை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே. அவர் பக்கத்திலிருந்த அறிவிப்புப் பலகையை மிகுந்த அக்கறையோடு படித்தார்.

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். எதிர்ச்சாரியில் டீக்கடை. காலையிலிருந்து பட்டினி. இரண்டு டீயும் வடையும் சொல்லிவிட்டு, பாத்திமா மேரி மகளை வீடியோவில் கூப்பிட்டுப் பாஸ்போர்ட்டைக் காட்டினாள். எப்படி வந்தது, எப்போது வந்தது என்று நித்யா கேட்டதற்கு, "வந்துடுச்சி, வுடு" என்று முடித்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகத் தைரியராஜ் அவள் காலில் விழத் தயாராக இருந்தார்.

"அப்பா, நீயும் வாப்பா" என்றாள் நித்யா. "தட்கல்ல போட்டா ஒரே வாரத்துல பாஸ்போர்ட் வந்துடும். விசாவுக்கு வேற தேதி வாங்கிக்கலாம். நீ வேணான்னதும் உன் மாப்பிள்ள ஆண்ட்ரூவுக்குப் போட்டேன், அவரும் வரமுடியாதுன்னுட்டாரு, அந்த டிக்கெட்ட என்ன பண்றதுன்னு யோசிச்சிக்கிட்டிருந்தேன்."

பாத்திமா மேரி போனை இறக்கி அவரைப் பார்த்தாள். "வாங்களேன்" என்றாள். கோபமெல்லாம் போயிருந்தது. "நெசமாத்தான் சொல்றேன். மூணு பேருமா போவலாம்."

இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாகத் தைரியராஜுக்கு அந்த ஊரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆசையென்றால் சாதாரண ஆசையில்லை. அந்தக் கல் மனிதனின் காலடியில் நிற்க வேண்டும். தன் பெண்டாட்டி பனியில் உட்கார்ந்திருந்த படியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தலையாட்டல் போதும், டிக்கெட் வந்துவிடும். அவர் டீ தம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனைக் கையில் வாங்கினார். திரையில் மகள் முகம். நெற்றியில் அம்மைத் தழும்பு ஒன்று இன்னும் இருக்கிறது, எங்கே என்று அவருக்குத் தெரியும்.

"வேணாம் நித்யா" என்றார். "நீயும் அம்மாவும் மட்டும் போயிட்டு வாங்க. எனக்கு உங்கூட தனியா மூணு வருசம் கெடச்சிது. அவளுக்குப் பத்து நாளாச்சும் கெடைக்கட்டும்."